அறிவியல் ஆய்வாளரும் பல்கலைக்கழக நூலகமும்

பல்கலைக்கழக நூலகம் அறிவியல் ஆய்வாளருக்கு மூன்று வகையில் உதவுகிறது. எடுத்துக்கொண்ட பொருளில் இதுவரை என்ன நடந்திருக்கிறது என்பதைக் கண்டறிய வழி செய்கிறது. அப்படிக் கண்டறிந்த கட்டுரைகளையும் நூல்களையும் முறையாகப் பெற்றுத் தருகிறது. ஆய்வு முடிவுகளை நேர்மையாக எழுதவும் தகுந்த இடத்தில் வெளியிடவும் பயிற்சி அளிக்கிறது. முதல் வேலை சரியாக நடக்காவிட்டால் மற்ற இரண்டும் பயன் தருவதில்லை. வேறொருவர் ஏற்கெனவே செய்து வெளியிட்டுவிட்ட சோதனைக்கு இரண்டு ஆண்டு உழைத்த பிறகு அது தெரிய வந்தால், போன காலம் திரும்ப வராது.

தமிழகத்தில் இந்தப் பணிக்கு நூறாண்டு மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன், அதற்கு முன் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1931இல் அவர் வகுத்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. ஆய்வாளரின் நேரத்தை மிச்சப்படுத்தும் வளங்கள் எவை, அவற்றை எந்த வரிசையில் பயன்படுத்துவது, எந்தப் பயிற்சியை எப்போது பெறுவது என்பவற்றை இந்த இயல் விளக்குகிறது. நூலகத் தேடலும் ஆய்வு முறையின் ஒரு பகுதியே. ஆய்வகக் குறிப்பேட்டில் சோதனையைப் பதிவது போலத் தேடலையும் பதிந்து வைக்க வேண்டும் என்பதே இந்த இயலின் அடிப்படைக் கருத்து.

1. நூலகத்தில் இருப்பவை

இன்றைய பல்கலைக்கழக நூலகத்தின் வளங்களை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, அச்சு நூல்களும் கட்டி வைத்த பழைய ஆய்விதழ்த் தொகுதிகளும். எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்ற எண்ணம் அறிவியலில் எல்லாத் துறைக்கும் பொருந்தாது. தாவரங்களின் அறிவியல் பெயர்கள் பெரும்பாலும் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலிலிருந்து தொடங்குவதாகக் கொள்வது பன்னாட்டு விதி. ஆகவே வகைப்பாட்டியல் ஆய்வாளர் இருநூறு ஆண்டுப் பழைய பக்கங்களையும் பார்த்தாக வேண்டும். தமிழகத் தாவரங்களை ஆராய்பவருக்குக் காம்பிளும் ஃபிஷரும் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட சென்னை மாகாணத் தாவரத் தொகுதி இன்றும் அடிப்படை நூல். இத்தகைய பழைய நூல்கள் பல ‘பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி’ என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இரண்டாம் வகை, மின்னிதழ்கள். மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் இதில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கப்பட்டது. 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள், மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் கிடைக்கின்றன. எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம், ஐ.இ.இ.இ. முதலியவை இதில் அடங்கும். திட்டத்தை நடத்துவது காந்திநகரில் உள்ள ‘இன்ஃப்ளிப்நெட்’ மையம். இது பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் இயங்கும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மையம்.

மூன்றாம் வகை, தேடுதளங்கள். கட்டுரையின் முழு வடிவம் இவற்றில் பெரும்பாலும் இருக்காது. எந்தக் கட்டுரை எங்கே இருக்கிறது என்று காட்டுவதே இவற்றின் வேலை. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ், சைஃபைண்டர் போன்றவை சந்தா செலுத்திப் பயன்படுத்துபவை. இவற்றுள் எவை தம் பல்கலைக்கழகத்தில் உண்டு என்பதை ஆய்வாளர் நூலகத்திலேயே கேட்டு அறிய வேண்டும்.

நான்காம் வகை, ஆய்வேடுகள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘ஷோத்கங்கா’ தளத்தில் இயல் இயலாகப் பிரிக்கப்பட்டு, யாரும் படிக்கும்படி வைக்கப்பட்டுள்ளன. மின்வடிவில் ஆய்வேட்டைத் தர வேண்டும் என்று மானியக் குழு 2009இல் விதி செய்த பிறகு இந்தத் தொகுப்பு வேகமாக வளர்ந்தது. நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் சுருக்கங்களுக்கு ‘ஷோத்கங்கோத்ரி’ என்ற தளம் உண்டு. தலைப்பு முடிவாகும் முன் இரண்டையும் பார்ப்பது கட்டாயம் என்றே கொள்ள வேண்டும். ஆய்வேட்டில் செய்முறை விரிவாக எழுதப்பட்டிருக்கும். ஆய்விதழில் நான்கு வரியில் முடிந்துபோன சோதனைக்கு ஆய்வேட்டில் பத்துப் பக்க விளக்கம் கிடைப்பதுண்டு.

ஐந்தாம் வகை, தரக்குறிப்புகளும் காப்புரிமை ஆவணங்களும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் தன் தரக்குறிப்புகளை இலவசமாகப் பதிவிறக்க அனுமதிக்கிறது. குடிநீர் ஆய்வில் ஈடுபடுபவர் ஐ.எஸ். 10500 என்ற தரக்குறிப்பை நேரடியாகப் பார்த்து மேற்கோள் காட்ட வேண்டும். வேறு கட்டுரையில் படித்ததை வைத்து எழுதக் கூடாது. காப்புரிமைகளை இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளத்திலும், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் ‘எஸ்பாசெநெட்’ தளத்திலும் இலவசமாகத் தேடலாம்.

2. நுழையும் வழி

மின்னிதழ்கள் வளாகத்துக்குள் ஐ.பி. முகவரியைக் கொண்டு திறக்கின்றன. பல்கலைக்கழக வைஃபையில் இணைந்திருந்தால் கடவுச்சொல் தேவைப்படாது. விடுதிக்கு வெளியே தங்கியிருப்பவரும், களப்பணிக்குச் செல்பவரும், பகுதிநேர ஆய்வாளரும் வளாகத்துக்கு வெளியிலிருந்து நுழைய வேண்டியிருக்கும். அதற்காக இன்ஃப்ளிப்நெட் மையம் ‘இன்ஃபெட்’ என்ற முறையை நடத்துகிறது. இதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களின் நூலகங்கள் தனிப் பயனர் பெயர் வழங்குகின்றன. பதிவு முடிந்த வாரத்திலேயே இதற்கு விண்ணப்பிப்பது நல்லது.

கடவுச்சொல்லை நண்பருக்குக் கொடுப்பதும், ஓர் இதழின் முழுத் தொகுதியையும் ஒரே இரவில் இறக்குவதும் ஒப்பந்தத்துக்கு எதிரானவை. அளவுக்கு மீறிய பதிவிறக்கத்தைப் பதிப்பகத்தின் கணினி கண்டுபிடித்தால் பல்கலைக்கழகம் முழுவதற்கும் அந்த இதழ்கள் தற்காலிகமாக நிறுத்தப்படலாம். ஒருவர் செய்யும் தவறால் எல்லாரும் பாதிக்கப்படுவர்.

தமிழகத்தில் சுயநிதிக் கல்லூரிகளிலும் தனியார் பல்கலைக்கழகங்களிலும் பணியாற்றியபடி ஆய்வு செய்வோர் பலர். ஒரே சந்தா திட்டம் அரசு நிறுவனங்களுக்கானது என்பதால், அவர்கள் தம் கல்லூரியின் சந்தாக்களை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஆய்வுக்குப் பதிவு செய்திருக்கும் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் தமக்கு உறுப்பினர் உரிமை உண்டா என்று கேட்டுப் பெற வேண்டும். நூலகத்துக்கு நேரில் சென்று படிப்பதற்கு அனுமதி கிடைப்பது பெரும்பாலும் கடினமில்லை.

3. துறைக்கேற்ற தேடுதளம்

பொதுத் தேடுபொறியில் தொடங்குவது தவறில்லை. அதிலேயே முடிப்பதுதான் தவறு. ஒவ்வொரு துறைக்கும் அதன் தன்மைக்கேற்ப அமைந்த தேடுதளம் இருக்கிறது.

உயிரியலுக்கும் மருத்துவத்துக்கும் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் ‘பப்மெட்’ இலவசம். அதிலுள்ள கட்டுரைகளில் பெரும்பகுதிக்கு ‘மெஷ்’ எனப்படும் கட்டுப்படுத்திய தலைப்புச்சொற்கள் இடப்பட்டுள்ளன. ஓர் ஆசிரியர் வேம்பை ‘நீம்’ என்றும், இன்னொருவர் ‘மார்கோசா’ என்றும், மூன்றாமவர் தாவரவியல் பெயராலும் எழுதியிருக்கலாம். ‘அசாடிராக்டா’ என்ற மெஷ் தலைப்பைக் கொண்டு தேடினால் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். மிகப் புதிய கட்டுரைகள் சிலவற்றுக்கு இன்னும் தலைப்பு இடப்பட்டிருக்காது என்பதால் சாதாரணச் சொற்களையும் சேர்த்தே தேட வேண்டும்.

வேதியியலில் பெயரை நம்ப முடியாது. ஒரு சேர்மத்துக்குப் பல பெயர்கள் வழங்கும். இதற்காக அமெரிக்க வேதியியல் கழகத்தின் சி.ஏ.எஸ். பிரிவு ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் தருகிறது. சோடியம் ஃபுளோரைடின் எண் 7681-49-4. சைஃபைண்டரில் எண்ணைக் கொண்டும், மூலக்கூறின் வடிவத்தைத் திரையில் வரைந்தும் தேடலாம். வடிவத்தை வரைந்து தேடும் முறைக்குத் தனிப் பயிற்சி தேவை. ஒரு மணி நேரப் பயிலரங்கில் கற்றுக்கொள்ளலாம்.

இயற்பியலிலும் கணிதத்திலும் 1991இல் தொடங்கிய ‘ஆர்க்கைவ்’ முன்பதிப்புத் தளம் அன்றாடம் பார்க்க வேண்டிய ஒன்று. அதில் இருப்பவை துறை வல்லுநர்களின் மதிப்பீட்டுக்கு முந்தைய வடிவங்கள். பின்னர் இதழில் வெளியான வடிவம் இருந்தால் அதையே மேற்கோள் காட்ட வேண்டும். கணிதத்துக்கு ‘மேத்சைநெட்’ சந்தாத் தளம். ‘இசட்பிமேத் ஓப்பன்’ 2021 முதல் இலவசம். வேளாண் ஆய்வாளருக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ‘செரா’ இதழ்க் கூட்டமைப்பும், ‘கிரிஷிகோஷ்’ ஆய்வேட்டுத் தொகுப்பும் உண்டு.

இந்திய ஆய்விதழ்களைத் தேடாமல் விடுவது பரவலான குறை. இந்திய அறிவியல் அகாதெமி வெளியிடும் இதழ்களின் கட்டுரைகள் அதன் தளத்திலேயே இலவசம். மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தைச் சேர்ந்த இதழ்கள் ‘நோபர்’ தொகுப்பில் கிடைக்கின்றன. உள்ளூர் மண், நீர், பயிர், நோய் பற்றிய தரவு பல நேரம் இவற்றில்தான் இருக்கும்.

4. ஒரு தேடல், படிப்படியாக

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஐ.எஸ். 10500 தரக்குறிப்பின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதி. வேளாண் கழிவிலிருந்து செய்த கரியைக் கொண்டு ஃபுளோரைடை நீக்க முடியுமா என்பது ஆய்வுத் தலைப்பு என்று கொள்வோம்.

முதல் படி, தலைப்பைக் கருத்துகளாகப் பிரித்தல். இங்கே கருத்துகள் மூன்று: ஃபுளோரைடு, அதைப் பிடித்துவைக்கும் கரி போன்ற கவர்பொருள், நிலத்தடி நீர். இரண்டாம் படி, ஒவ்வொன்றுக்கும் மாற்றுச் சொற்களைத் திரட்டுதல். ஃபுளோரைடுடன் ‘டீஃபுளோரிடேஷன்’ சேரும். கவர்பொருளுடன் ‘பயோசார்’, ‘ஆக்டிவேட்டட் கார்பன்’, ‘ஆக்டிவேட்டட் அலுமினா’ ஆகியவை சேரும். நாகபுரியில் உள்ள ‘நீரி’ நிறுவனம் படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு ஃபுளோரைடை நீக்க உருவாக்கிய முறைக்கு ‘நல்கொண்டா’ என்று பெயர். ஒப்பீட்டுக்கு அந்தப் பெயரும் வேண்டும். நிலத்தடி நீருக்கான ஆங்கிலச் சொல்லைச் சிலர் ஒரே சொல்லாகவும் சிலர் இரு சொல்லாகவும் எழுதுகின்றனர். இரண்டையும், குடிநீரைக் குறிக்கும் சொல்லையும் சேர்க்க வேண்டும்.

மூன்றாம் படி, இணைத்தல். ஒரே கருத்தின் மாற்றுச் சொற்களை ‘ஆர்’ என்ற இணைப்பால் அடைப்புக்குறிக்குள் கோக்க வேண்டும். வெவ்வேறு கருத்துகளை ‘ஆண்ட்’ இணைக்கும். சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யும் அந்தத் தேடல் வரியின் அமைப்பு இவ்வாறு இருக்கும்:

(ஃபுளோரைடு ஆர் டீஃபுளோரிடேஷன்) ஆண்ட் (பயோசார் ஆர் “ஆக்டிவேட்டட் கார்பன்” ஆர் “ஆக்டிவேட்டட் அலுமினா” ஆர் நல்கொண்டா) ஆண்ட் (கிரவுண்ட்வாட்டர் ஆர் “கிரவுண்ட் வாட்டர்” ஆர் “டிரிங்கிங் வாட்டர்”)

நான்காம் படி, எழுத்து வேறுபாடுகளைக் கவனித்தல். சொல்லின் அடிப்பகுதிக்குப் பின் நட்சத்திரக் குறி இட்டால் அதன் எல்லா விகுதிகளும் கிடைக்கும். பரப்புக் கவர்தலுக்கும் உறிஞ்சுதலுக்கும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. தவறாக எழுதிய கட்டுரைகளும் உள்ளன. அலுமினியத்தைப் பிரிட்டன் வழக்கிலும் அமெரிக்க வழக்கிலும் வேறு வேறாக எழுதுவர். கந்தகமும் அப்படியே.

ஐந்தாம் படி, தேவையற்றதை நீக்குதல். இங்கேதான் பெரிய தவறு நேர்கிறது. பற்பசை பற்றிய கட்டுரைகள் வந்து குவிவதைக் கண்டு, பல் தொடர்பான சொல்லை ‘நாட்’ இட்டு விலக்கத் தோன்றும். ஆனால் நிலத்தடி நீர்க் கட்டுரைகள் பலவற்றின் சுருக்கமே, ஃபுளோரைடால் பல்லில் ஏற்படும் கறையைச் சொல்லித்தான் தொடங்கும். அந்த ஒரு விலக்கல், மிகவும் தேவையான கட்டுரைகளைச் சத்தமின்றி வெளியேற்றிவிடும். விலக்குவதற்குப் பதிலாக நீர் தொடர்பான சொற்களைச் சேர்த்துச் சுருக்குவதே பாதுகாப்பானது.

ஆறாம் படி, தேடலைச் சோதித்தல். நெறியாளர் தந்த ஐந்து நல்ல கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அவை ஐந்தும் முடிவில் வந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். விடுபட்டது எதுவோ, அதன் தலைப்பிலும் சுருக்கத்திலும் உள்ள சொற்களைப் படித்தால் தேடல் வரியில் எது குறைகிறது என்று விளங்கும்.

ஏழாம் படி, சங்கிலித் தேடல். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால் அதன் மேற்கோள் பட்டியலைப் பின்தொடர்ந்து பழைய வேர்களுக்குச் செல்லலாம். அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளைப் பார்த்து இன்றைய நிலைக்கு வரலாம். இந்த இரண்டாவது வழியை 1964இல் அறிவியல் மேற்கோள் சுட்டியை வெளியிட்டு அமைத்தவர் யூஜின் கார்ஃபீல்டு. இன்றைய வெப் ஆஃப் சயின்ஸ் அதிலிருந்து வளர்ந்தது.

கடைசியாகப் பதிவு. தேதி, தேடுதளம், தேடல் வரி, கிடைத்த எண்ணிக்கை, இட்ட வரம்புகள், விலக்கிய காரணம் ஆகிய ஆறையும் ஓர் அட்டவணையில் எழுத வேண்டும். வாய்மொழித் தேர்வில் “இந்தப் பொருளில் முன்னர் ஆய்வே நடக்கவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?” என்ற கேள்வி வந்தால், இந்த அட்டவணையே பதில். தேடலைத் தளத்தில் சேமித்து மின்னஞ்சல் அறிவிப்பு அமைத்தால், புதிய கட்டுரை வரும்போது தானாகத் தெரியும்.

5. முழுக் கட்டுரை கிடைக்காதபோது

கட்டணம் கேட்கும் பக்கம் வந்ததும் தேடலைக் கைவிடக் கூடாது. பணமும் கட்டிவிடக் கூடாது. வரிசையாகச் சில வழிகள் உண்டு. முதலில் நூலகத் தளத்தின் வழியாக நுழைந்து பார்க்க வேண்டும். அடுத்து ‘அன்பேவால்’ என்ற உலாவி நீட்சி. கட்டுரையின் சட்டபூர்வ இலவச வடிவம் எங்காவது இருந்தால் அது காட்டிவிடும். பிறகு முன்பதிப்புத் தளங்கள், ‘பப்மெட் சென்ட்ரல்’, ஆசிரியரின் நிறுவனக் காப்பகம். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014இல் வெளியிட்ட திறந்த அணுக்கக் கொள்கைப்படி, அவற்றின் நிதியில் நடந்த ஆய்வின் கட்டுரைகள் காப்பகங்களில் வைக்கப்பட வேண்டும்.

இவற்றிலும் கிடைக்காவிட்டால் ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதலாம். கட்டுரையின் தலைப்பு, தேவைப்படும் காரணம், தன் பல்கலைக்கழகம் ஆகியவற்றை நான்கு வரியில் எழுதினால் போதும். பெரும்பாலான ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு அனுப்புவர். கடைசி வழி, நூலகங்களுக்கு இடையிலான பரிமாற்றம். 1988இல் டெல்லியில் தொடங்கிய ‘டெல்நெட்’ இதற்கான வலையமைப்பு. விண்ணப்பத்தை ஆய்வாளர் நேரடியாக அனுப்ப முடியாது. தம் நூலகத்தின் வழியாகவே அனுப்ப வேண்டும்.

6. மேற்கோள் மேலாண்மை

ஐம்பது கட்டுரை வரை நினைவில் வைக்கலாம். முந்நூறு ஆனதும் மென்பொருள் வேண்டும். ‘சொடெரோ’ இலவசமாகக் கிடைக்கிறது. ‘மெண்டலே’, ‘எண்ட்நோட்’ ஆகியவையும் பயன்பாட்டில் உள்ளன. லாடெக் கொண்டு எழுதுபவர் ‘பிப்டெக்’ கோப்பாக மாற்றிக்கொள்ளலாம். எந்த மென்பொருளானாலும் முதல் கட்டுரையிலிருந்தே தொடங்குவது முக்கியம். ஆய்வேட்டின் இறுதி மாதத்தில் மேற்கோள் பட்டியலைக் கையால் திருத்துவது வாரக்கணக்கில் நேரத்தை விழுங்கும்.

தானாக இறங்கும் விவரங்களை அப்படியே நம்பக் கூடாது. இந்தியப் பெயர்களின் தலைப்பெழுத்து இடம் மாறுவதும், வேதி வாய்பாட்டின் கீழெண் சாதாரண எண்ணாகிவிடுவதும், தாவரப் பெயரின் சாய்வெழுத்து மறைவதும் அடிக்கடி நேர்வன. சேர்த்த உடனே ஒரு முறை சரிபார்த்தால் போதும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை தொகுப்பில் இருந்தால் சொடெரோ எச்சரிக்கும். அத்தகைய கட்டுரையை அறியாமல் ஆதாரமாகக் கொண்டால் ஆய்வின் அடித்தளமே ஆட்டம் காணும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தரும் மேற்கோள்களையும் இவ்வாறே சோதிக்க வேண்டும். உண்மையில் இல்லாத கட்டுரையை அவை தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் சேர்த்து உருவாக்கிக் காட்டுவதுண்டு. கட்டுரையின் நிலையான அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணைத் திறந்து கட்டுரையைக் கண்ணால் பார்க்காமல் எதையும் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

7. இதழைத் தேர்ந்தெடுத்தல்

பணம் பறிக்கும் போலி இதழ்கள் இந்திய ஆய்வாளர்களைக் குறிவைத்து மின்னஞ்சல் அனுப்புகின்றன. மூன்று நாளில் வெளியீடு, வாட்ஸ்அப் எண், கட்டணத்தைப் பற்றி மட்டும் தெளிவான பேச்சு ஆகியவை அவற்றின் அடையாளங்கள். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருப்பது தரத்துக்குச் சான்றாகாது. அது இதழை அடையாளம் காட்டும் எண் மட்டுமே. ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ என்ற அளவு கிளாரிவேட் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் மட்டுமே வெளியாகிறது. வேறு பெயரில் வரும் ‘குளோபல்’, ‘யுனிவர்சல்’ அளவுகளுக்கு மதிப்பில்லை. நல்ல இதழின் பெயரையே வைத்துக்கொண்டு நடக்கும் போலித் தளங்களும் உண்டு. ஆகவே இதழின் முகவரியைத் தேடுதளத்தின் பட்டியலிலிருந்தே திறக்க வேண்டும்.

மானியக் குழு நடத்திவந்த ‘யுஜிசி-கேர்’ பட்டியல் நிறுத்தப்படுவதாக 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. இதழின் தரத்தைக் கணிக்க வழிகாட்டும் அளவுகோல்களை மட்டும் குழு வெளியிட்டது. பட்டியலைப் பார்த்து முடிவு செய்யும் காலம் போய், பொறுப்பு பல்கலைக்கழகத்தின் மீதும் ஆய்வாளரின் மீதும் வந்திருக்கிறது. கட்டுரையை அனுப்பும் முன் நூலகரிடம் இதழின் பெயரைச் சொல்லிக் கருத்துக் கேட்பது பத்து நிமிட வேலை. பட்டம் தாமதமாவதை அது தடுக்கும்.

தமிழ் ஆய்வாளர்களுக்குப் பெயரிலேயே ஒரு சிக்கல் உண்டு. தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாக முன்னால் வருகிறது. சில இதழ்கள் அதைப் பின்னால் போடுகின்றன. கடவுச்சீட்டுக்காக விரித்து எழுதினால் தந்தை பெயர் குடும்பப் பெயராகிவிடுகிறது. ஒருவரே தேடுதளத்தில் மூவராகத் தெரிவார். ஒரே பெயருள்ள மூவர் ஒருவராகவும் தெரிவர். முதல் கட்டுரைக்கு முன்பே பெயரின் ஒரு வடிவத்தை முடிவு செய்து, எப்போதும் அதையே எழுத வேண்டும். 16 இலக்கமுள்ள ‘ஆர்கிட்’ அடையாள எண்ணை இலவசமாகப் பெற்று எல்லாக் கட்டுரைகளிலும் சேர்த்தால் குழப்பம் தீரும்.

8. நேர்மையும் ஒப்புமைச் சோதனையும்

கருத்துத் திருட்டைத் தடுக்கும் மானியக் குழுவின் விதிகள் 2018இல் வந்தன. ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை இருந்தால் ஓராண்டு வரை திருத்திய வடிவத்தைச் சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். உரிய முறையில் காட்டிய மேற்கோள்கள், மேற்கோள் பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுச் சொற்கள், நிலையான குறியீடுகள், சமன்பாடுகள் ஆகியவை கணக்கில் வரா.

இந்தச் சோதனைக்கான மென்பொருளைப் பல்கலைக்கழகங்களுக்கு 2019 முதல் ‘ஷோத்சுத்தி’ திட்டம் வழங்குகிறது. மென்பொருள் காட்டும் எண் ஒப்புமையின் அளவு மட்டுமே. குற்றத்தின் அளவு அல்ல. 8 விழுக்காட்டிலும் பிறருடைய முக்கியமான ஒரு பத்தி ஒளிந்திருக்கலாம். செய்முறைப் பகுதியில் இயல்பாகவே ஒப்புமை கூடும். எனவே அறிக்கையின் மொத்த எண்ணை மட்டும் பார்க்காமல், நிறமிட்ட ஒவ்வொரு பகுதியையும் படிக்க வேண்டும். எண்ணைக் குறைக்கச் சொற்களை மட்டும் மாற்றுவது தீர்வாகாது. மூலக் கட்டுரையை மூடிவைத்து, புரிந்துகொண்டதைச் சொந்த வாக்கியத்தில் எழுதி, மூலத்தைச் சுட்டுவதே சரியான வழி.

9. தரவைப் பாதுகாத்தல்

கட்டுரையோடு அதன் தரவையும் வெளியிட வேண்டும் என்று இதழ்களும் நிதி தரும் அமைப்புகளும் கேட்கின்றன. டி.என்.ஏ. வரிசைகளுக்கு ‘ஜென்பேங்க்’ போன்ற பன்னாட்டுத் தொகுப்புகளும், ஃபரீதாபாத்தில் 2022இல் தொடங்கப்பட்ட இந்திய உயிரியல் தரவு மையமும் உள்ளன. படிக அமைப்புகளுக்குக் கேம்பிரிட்ஜ் மையம், புரத அமைப்புகளுக்கு 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் குழுவினர் 1963இல் வெளியிட்ட வரைபடம், அந்த வங்கிக்கு வரும் புரத அமைப்புகளைச் சரிபார்க்க இன்றும் பயன்படுகிறது. தனித் தொகுப்பு இல்லாத துறையினர் ‘செனோடோ’ என்ற பொதுக் காப்பகத்தில் வைத்து டி.ஓ.ஐ. பெறலாம். கோப்பின் பெயர், அலகு, கருவி, அளந்த நாள் ஆகியவற்றை விளக்கும் குறிப்பு இல்லாத தரவு அடுத்தவருக்குப் பயன்படாது.

10. பயிற்சி: எது, எப்போது

மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்டப் பாடப்பணியில் ‘ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிகள்’ என்ற பாடம் இடம்பெற வேண்டும். 2019இல் குழு வகுத்த அந்தப் பாடம் 30 மணி நேரம், 2 கிரெடிட் கொண்டது. திறந்த அணுக்க வெளியீடு, தேடுதளங்கள், ஆய்வு அளவீடுகள் ஆகியவை அதன் செய்முறைப் பகுதியில் வருகின்றன. இதைத் தேர்வுக்காக மட்டும் படித்து முடிக்காமல், தன் தலைப்பையே எடுத்துக்காட்டாக வைத்துச் செய்தால் பாடம் முடியும்போது இலக்கிய ஆய்வின் ஒரு பகுதியும் முடிந்திருக்கும்.

இதற்கு அப்பால் நூலகங்கள் ஆண்டுத் தொடக்கத்தில் அறிமுக நிகழ்ச்சியும், இடையிடையே பயிலரங்குகளும் நடத்துகின்றன. பதிப்பகங்களும் தேடுதளங்களும் இணையவழிப் பயிற்சி தருகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் போகத் தேவையில்லை. முதல் மாதத்தில் நூலக உறுப்பினர் அட்டை, வெளியிலிருந்து நுழையும் உரிமை, அறிமுக நிகழ்ச்சி. இரண்டாம் மாதத்தில் துறைத் தேடுதளப் பயிற்சியும் மேற்கோள் மென்பொருளும். மூன்றாம் நான்காம் மாதங்களில் முழுமையான தேடல், தேடல் பதிவேடு, ஷோத்கங்கா ஒப்பீடு. ஐந்தாம் மாதத்தில் ஆர்கிட் எண்ணும் தரவுத் திட்டமும். ஆறாம் மாதத்தில் முனைவர் பட்டக் குழுவின் முன் தேடல் பதிவேட்டோடு தலைப்பை வைக்கலாம். இதழ்த் தேர்வு, ஒப்புமை அறிக்கை பற்றிய பயிற்சிகளை முதல் வரைவு கையில் இருக்கும்போது பெறுவதே பயன் தரும்.

நூலகரிடம் கேட்கும் முறையும் பயிற்சிக்குரியது. “ஃபுளோரைடு பற்றி ஏதாவது கட்டுரை இருக்கிறதா?” என்ற கேள்வி நூலகருக்கு எதையும் சொல்வதில்லை. “இந்த இரண்டு தளங்களில் இந்த வரியைக் கொண்டு தேடினேன், இவ்வளவு கிடைத்தன, 2015க்கு முந்தைய இந்தியக் களத் தரவு மட்டும் கிடைக்கவில்லை” என்று தேடல் பதிவேட்டைக் காட்டிக் கேட்டால், அந்த இடத்திலிருந்தே அவர் தொடங்க முடியும். அறிவியல் பட்டம் பெற்று நூலக அறிவியலும் படித்தவர்கள் பல நூலகங்களில் உதவி நூலகர்களாக இருக்கின்றனர். துறைக்கு உரியவர் யார் என்று விசாரித்து அவரைச் சந்திப்பது நல்லது.

ஆய்வு முடிந்த பிறகும் நூலகத்தின் பங்கு ஒன்று எஞ்சுகிறது. வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் அறிவிக்கப்படும் முன், ஆய்வேட்டின் மின்வடிவம் இன்ஃப்ளிப்நெட் மையத்துக்குச் செல்ல வேண்டும் என்பது விதி. அங்கு சேர்ந்த ஆய்வேடு, அதே பொருளில் அடுத்து வரும் ஆய்வாளரின் தேடலில் கிடைக்கும். அவர் நேரம் மிச்சமாக வேண்டுமானால் தலைப்பு துல்லியமாகவும், சுருக்கம் தெளிவாகவும், திறவுச்சொற்கள் சரியாகவும் இருக்க வேண்டும். இவற்றை எழுத ஒதுக்கும் ஒரு நாள், ஒவ்வோர் ஆய்வாளரும் தம் துறைக்குச் செய்ய வேண்டிய கடமை.